எம்ஐடி புதிர் வேட்டை: ஓர் அணி எப்படி ஓடுகிறது, எங்கே சிக்கிக்கொள்கிறது

ஜனவரி மாதத்தின் மூன்றாவது திங்கட்கிழமை அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் நாள், பொது விடுமுறை. அதையொட்டிய வார இறுதியில், பாஸ்டனுக்கு ஆற்றின் எதிர்க்கரையில் இருக்கும் கேம்பிரிட்ஜ் நகரில், எம்ஐடி எனப்படும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் வளாகத்தில் ஆண்டுதோறும் ஒரு புதிர் வேட்டை நடக்கிறது. வெள்ளிக்கிழமை நண்பகலில் தொடங்கும். எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. வளாகத்தில் ஒளித்து வைத்திருக்கும் நாணயத்தை ஏதாவதோர் அணி கண்டெடுத்தால் வெற்றி. அதுவரை தூங்காமலோ முறை வைத்துத் தூங்கியோ புதிர் மேல் புதிராக விடுவித்துக்கொண்டே போக வேண்டியதுதான்.

1981-இல் பிராட் ஷேஃபர் என்ற முதுநிலை மாணவர் தொடங்கி வைத்தது இது. அன்றைக்கு ஒரே ஒரு தாள், அதில் 12 துப்புகள். எல்லாவற்றையும் கோத்தால் ‘இந்தியன் ஹெட்’ எனப்படும் பழைய ஒரு சென்ட் நாணயம் எங்கே இருக்கிறது என்று தெரியும். இன்றைக்குப் பல ஆண்டுகளில் புதிர்களின் எண்ணிக்கையே நூறைத் தாண்டுகிறது. ஆயிரக்கணக்கானோர் கலந்துகொள்கிறார்கள். ஐந்து பேர் அணியும் உண்டு, நூறு பேருக்கு மேல் இருக்கும் அணியும் உண்டு. நுழைவுக் கட்டணம் கிடையாது, பரிசுப் பணமும் கிடையாது. ஜெயித்த அணிக்குக் கிடைப்பது ஒரு வேலை: அடுத்த ஆண்டுக்கான வேட்டையை அவர்கள்தான் உருவாக்க வேண்டும்.

ஏறக்குறைய நாற்பது பேர் கொண்ட ஓர் அணியில் நானும் இருந்தேன். பாதிப் பேர் வளாகத்து வகுப்பறை ஒன்றில், மீதிப் பேர் சென்னையில் இருக்கும் என்னைப்போல் வேறு ஊர்களில், வேறு நாடுகளில். அந்த அணி எப்படித் திரண்டது, எங்கே தடுமாறியது, எதை மாற்றியது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இப்படி ஓர் அணி சேர்க்கலாமா என்று பேச்சு வந்தால் எல்லோரும் முதலில் கேட்பது, ‘அவ்வளவு புத்திசாலிகளுக்கு எங்கே போவது?’ என்றுதான். புத்திசாலிகள் கிடைத்துவிடுவார்கள். ஒருவர் பாதியில் விட்டுப்போன வேலையை இன்னொருவர் எவ்வளவு சீக்கிரம் கையில் எடுக்க முடிகிறது என்பதில்தான் ஓர் அணியின் ஆட்டம் இருக்கிறது.

புதிர் என்றால் எப்படிப்பட்டது

இது புரியாமல் மற்றதைச் சொல்லிப் பயனில்லை. இந்த வேட்டைப் புதிர்களில் பெரும்பாலும் ‘இதைச் செய், அதைக் கண்டுபிடி’ என்ற குறிப்பே இருக்காது. ஒரு தலைப்பு, பொடி வைத்து எழுதிய ஒன்றிரண்டு வரிகள், அதன்கீழே படங்களோ ஒலித்துண்டுகளோ ஒரு கட்டமோ. என்ன செய்ய வேண்டும் என்று கண்டுபிடிப்பதே பாதிப் புதிர். கடைசியில் ஒரு சொல்லோ தொடரோ விடையாக வந்து நிற்க வேண்டும்.

நான் கட்டிய ஒரு சின்னப் புதிரைப் பாருங்கள். தலைப்பு: ‘தெற்கிலிருந்து கிளம்பினால்’. கீழே மூன்று படங்கள், ஒவ்வொன்றின் அருகிலும் ஓர் எண். படங்களை அடையாளம் கண்டால் மூன்று ஊர்கள் வருகின்றன: திண்டுக்கல், எண் 6. நாகர்கோவில், எண் 2. கூடலூர், எண் 2. எண்ணுக்குரிய எழுத்தை எடுத்தால் திண்டுக்கல்லில் ‘ல்’, நாகர்கோவிலில் ‘க’, கூடலூரில் ‘ட’. இனி தலைப்பு சொல்கிறபடி தெற்கிலிருந்து வடக்காக அடுக்க வேண்டும். நாகர்கோவில், திண்டுக்கல், நீலகிரியில் இருக்கும் கூடலூர் என்று அடுக்கினால் ‘கல்ட’ என்று வருகிறது. ஒன்றும் இல்லை. ஆனால் தேனி மாவட்டத்திலும் ஒரு கூடலூர் இருக்கிறது, கம்பத்துக்குப் பக்கத்தில். அது திண்டுக்கல்லுக்குத் தெற்கே. அதைப் போட்டால் ‘கடல்’.

கூடலூர் என்றதும் ஊட்டியைத் தாண்டிய மலைப்பாதை ஞாபகம் வருகிறவர் இந்த இடத்தில் மணிக்கணக்காக முட்டிக்கொண்டு நிற்பார். எண்களைத் திருப்பிப் போடுவார், கடைசியிலிருந்து எண்ணுவார், ஊர்களின் பழைய பெயர்களைத் தேடுவார். கம்பத்துக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தால் ஒரு நிமிட வேலை. அவர் எட்டிப் பார்க்க வேண்டும், பார்த்தால் புரிகிற மாதிரி எழுதியும் வைத்திருக்க வேண்டும்.

இப்படி எட்டோ பத்தோ புதிர்களின் விடைகள் சேர்ந்து இன்னொரு புதிருக்குத் தீனியாகும். அதற்கு மெட்டா என்று பெயர். எல்லா விடைகளும் கையில் இல்லாமலே மெட்டாவைப் பிடித்துவிடலாம். பிடித்துவிட்டால், விடுவிக்காத புதிர்களின் விடைகள் எப்படி இருக்க வேண்டும் என்று பின்பக்கமாக ஊகித்து அவற்றையும் முடிக்கலாம். விடைகள் சேரச் சேரத்தான் புதிய புதிர்கள் திறக்கும். ஆகவே ஓர் இடத்தில் தேங்கினால் அணி முழுக்கத் தேங்கும்.

ஆள் சேர்ப்பதற்கு முன்னால் ஒரு பேச்சு

எங்கள் அணியை ஒருங்கிணைத்தவர் பாஸ்டனில் வேலை பார்ப்பவர், பல ஆண்டுகள் வேட்டையில் பழகியவர். அக்டோபரிலேயே பழைய ஆட்களை அழைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: நாம் ஜெயிக்க விரும்புகிறோமா?

விளையாட்டுக்குக் கேட்ட கேள்வி இல்லை. ஜெயித்தால் அடுத்த ஒரு வருடம் மாலை நேரங்களும் வார இறுதிகளும் போய்விடும். நூற்றுக்கும் மேற்பட்ட புதிர்களை எழுத வேண்டும், வேறு ஆட்களை வைத்து விடுவித்துச் சோதிக்க வேண்டும், இணையதளம் கட்ட வேண்டும், கதை, நாடகம், உடை, பொருட்கள், வளாக அனுமதி என்று எல்லாம் பார்க்க வேண்டும். இத்தனையும் சம்பளமில்லாமல். இதற்குப் பாதிப் பேர் சரி, பாதிப் பேர் மாட்டேன் என்றிருந்தால், ஞாயிற்றுக்கிழமை இரவு நாணயத்தை நெருங்கும்போது சண்டைதான் வரும். எங்கள் அணி ஜெயிக்க வேண்டாம், ஆனால் முழு வேட்டையையும் முடித்துப் பார்க்க வேண்டும் என்று முடிவெடுத்தது. அந்த முடிவிலிருந்துதான் மற்றதெல்லாம் வந்தது: எத்தனை பேர், எவ்வளவு தூக்கம், புது ஆட்களுக்கு எவ்வளவு இடம். அணி சேர்க்கிற யாரும் இந்தப் பேச்சைத் தள்ளிப்போடக் கூடாது.

அடுத்தது எண்ணிக்கை. ஒரு புதிரில் மூன்று பேர் உட்கார்ந்தால் வேலை நன்றாக ஓடும். ஐந்து வரை தாங்கும். அதற்கு மேல் போனால் இரண்டு பேர் வேலை செய்ய, மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். ஒரே சமயத்தில் எட்டுப் பத்துப் புதிர்கள் திறந்திருக்கும் என்று வைத்துக்கொண்டால், தூங்குகிறவர்களையும் சேர்த்து நாற்பது பேர் சரியாக வரும். நூறு பேர் அணிகளுக்கு வேகம் உண்டு. ஆனால் அங்கே புதிதாக வருகிறவர் ஒரு புதிரின் வாசலுக்குப் போவதற்குள் உள்ளே இருப்பவர்கள் அதை முடித்துவிட்டிருப்பார்கள்.

யாரைச் சேர்ப்பது என்பதில் ஒருங்கிணைப்பாளர் கெட்டிக்காரர். ஏற்கெனவே குறுக்கெழுத்துக்காரர்களும் நிரல் எழுதுகிறவர்களும் போதுமான அளவு இருந்தார்கள். அவர் தேடியது மற்றவர்களை: காதால் கேட்டு ஸ்வரம் சொல்லத் தெரிந்தவர், பேஸ்பால் புள்ளிவிவரத்தில் ஊறியவர், பின்னல் வேலை தெரிந்தவர், கொரியப் பாட்டுக் குழுக்களை முகம் பார்த்துச் சொல்கிறவர், சதுரங்கக் குறிப்பைப் படம் போடாமல் படிக்கிறவர். இந்தப் புதிர்களை எழுதுகிறவர்கள் தங்களுக்குப் பிடித்த எதையும் உள்ளே கொண்டுவருவார்கள். ஒரே கல்லூரி, ஒரே அலுவலகம், ஒரே வயது என்று சேர்ந்த அணி ஒரே இடத்தில் சேர்ந்து மாட்டிக்கொள்ளும்.

எனக்கு அழைப்பு வந்த காரணமும் அப்படித்தான். பாஸ்டன் நண்பன் போனில் சொன்னது நினைவிருக்கிறது: “எங்களுக்கு ராத்திரி ரெண்டரை மணின்னா உனக்கு மத்தியானம் ஒரு மணி. நீ ஃப்ரெஷ்ஷா இருப்ப. அது போதும், வா.”

சாமான்களும் ஆட்களும்

கருவிகள் சாதாரணமானவை. ஒவ்வொரு புதிருக்கும் ஒரு கூகுள் ஷீட், டிஸ்கார்டு என்ற அரட்டைச் செயலியில் ஒரு பேச்சு அறை. இவற்றையெல்லாம் தொகுத்துக் காட்ட ஒரு முகப்புப் பட்டியல். சில அணிகள் இதற்கென்றே சொந்த மென்பொருள் எழுதி வைத்திருக்கின்றன. டெத் அண்ட் மேஹெம் என்ற அணி எழுதிய ஜாலி ரோஜர் எல்லோருக்கும் திறந்த மூலநிரலாகவே கிடைக்கிறது. பாதி எழுத்து தெரிந்த சொல்லைத் தேட நியூட்ரிமேட்டிக், ஒன்லுக் போன்ற தளங்கள். நியூட்ரிமேட்டிக் விக்கிப்பீடியாவின் எழுத்துத் தொகுப்பிலிருந்து உருவானது என்பதால் அகராதியில் இல்லாத தொடர்களையும் எடுத்துக் கொடுக்கும். மோர்ஸ், பிரெயில், கொடிச் சைகை, எழுத்துக்கு எண் என்று அடிக்கடி வரும் குறியீடுகளை ஒரே பக்கத்தில் அச்சடித்து வகுப்பறைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். திரையில் இருப்பதைத் தேட நேரமாகும், சுவரில் இருப்பதற்குத் தலையைத் தூக்கினால் போதும்.

ஆட்களில் இருவர் முக்கியம். அவர்கள் புதிரே விடுவிக்க மாட்டார்கள். எந்தப் புதிரில் யார் இருக்கிறார்கள், எது திறந்தது, எது நின்றுபோயிற்று, யார் சும்மா இருக்கிறார்கள் என்று பார்ப்பது மட்டும்தான் வேலை. முன்பெல்லாம் இந்த வேட்டையில் விடை சரியா என்று தெரிந்துகொள்ள வேட்டைத் தலைமையகத்திலிருந்து வரும் தொலைபேசி அழைப்புக்குக் காத்திருக்க வேண்டும். ஆகவே போனருகே எப்போதும் ஓர் ஆள் இருந்தாக வேண்டும், அணியில் நடப்பது முழுக்க அவருக்குத் தானாகத் தெரிந்துவிடும். இப்போது விடையைத் தளத்திலேயே தட்டிச் சரிபார்க்கலாம். போன் போனதோடு அந்த இடத்தில் உட்கார்ந்திருந்த ஆளும் போய்விட்டார். பல அணிகள் அதைக் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். எங்கள் அணி அந்த நாற்காலியை மறுபடி போட்டது.

நல்ல மூளைக்காரர் ஒருவரை இப்படி உட்கார வைப்பது வீண் என்று தோன்றும். ஒரே புதிரை இரண்டு கூட்டம் தனித்தனியாகச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து அது தெரியவருவதை ஒரு தடவை பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றாது.

வெள்ளி இரவு முதல் சனி மாலை வரை

தொடக்கம் எல்லா அணிகளுக்கும் உற்சாகம்தான். இந்தியாவில் வெள்ளி இரவு பத்தரை. முதல் சில மணி நேரத்தில் விடைகள் மளமளவென்று விழுந்தன. யாருக்கும் யாரையும் ஒருங்கிணைக்கத் தேவைப்படவில்லை. அந்த நேரத்தில் அணியின் பலவீனம் எதுவும் தெரியாது.

தெரிந்தது சனிக்கிழமை. ஒலித்துண்டுகள் அடங்கிய ஒரு புதிர். மூன்று பேர் இரவெல்லாம் கேட்டுப் பாட்டுகளை அடையாளம் கண்டு ஷீட்டில் வரிசையாக எழுதியிருந்தார்கள். விடை வரவில்லை. விடியும் நேரத்தில் தூங்கப் போய்விட்டார்கள். காலையில் வேறு மூன்று பேர் உட்கார்ந்தார்கள். ஷீட்டில் பாட்டுப் பெயர்கள் இருந்தன, அவ்வளவுதான். வெளியான ஆண்டை வைத்து அடுக்கிப் பார்த்தார்களா? பாடலாசிரியர் பெயரை எடுத்துப் பார்த்தார்களா? எந்தப் பெயர் உறுதி, எது சும்மா குத்துமதிப்பு? ஒன்றும் தெரியாது. முதல் கூட்டம் இரவில் போட்ட அதே பாதையில் இவர்களும் காலை முழுக்க நடந்தார்கள். மத்தியானம் பழையவர்கள் எழுந்து வந்து, “அதையெல்லாம் செஞ்சு பாத்தாச்சே” என்றபோது அறையில் எழுந்த சலிப்பு டிஸ்கார்டு வழியாகச் சென்னை வரை கேட்டது. அதற்குள் இரண்டு மெட்டாக்கள் அந்த விடைக்காகக் காத்து நின்றன.

அப்போதுதான் ஒருங்கிணைப்பாளர் ஒரு விதி போட்டார். ஒரு புதிரை விட்டு எழுந்திருக்கும் முன் ஷீட்டின் தலையில் மூன்று வரி எழுதியாக வேண்டும். உறுதியாகத் தெரிந்தது என்ன. நாமாக ஊகித்துக்கொண்டது என்ன. செய்து பார்த்து ஆகாமல் போனது என்ன. எழுதாமல் யாரும் தூங்கப் போகக் கூடாது. அவரே ஒவ்வொரு ஷீட்டாகத் திறந்து, வரிகள் இல்லாத இடத்தில் பெயர் சொல்லிக் கேட்டார். அந்தக் கண்டிப்பு சிலருக்குப் பிடிக்கவில்லை.

பலன் அன்றிரவே தெரிந்தது. பாஸ்டனில் அதிகாலை, எனக்கு ஞாயிறு மத்தியானம். ‘மாட்டிக்கொண்டது’ என்று சிவப்புப் போட்டிருந்த ஒரு புதிர், அமெரிக்க ஊர்களை வரைபடத்தில் கோடு போட்டு இணைக்கும் வகை. இரண்டாவது வரியில் ஒருவர் எழுதியிருந்தார்: போர்ட்லாந்து என்று வருவது ஆரிகனில் இருப்பது என்று எடுத்துக்கொண்டோம். எனக்கு அமெரிக்க ஊர்கள் பற்றி அதிகம் தெரியாது. ஆனால் அந்த வரி அங்கே இருந்ததால், வேறு போர்ட்லாந்து உண்டா என்று தேடுவதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை. மெய்ன் மாநிலத்தில் ஒன்று இருக்கிறது, கிழக்குக் கரையில். கோட்டை அங்கே இழுத்ததும் எழுத்தின் வடிவம் வந்துவிட்டது. முழுப் புதிரையும் விளக்கப் போனால் நாலு பக்கம் ஆகும். சிக்கல் என்னவோ மேலே சொன்ன இரண்டு கூடலூர் சிக்கல்தான். ஊகத்தை ஊகம் என்று எழுதி வைத்தவருக்குத்தான் அந்த விடையில் பெரிய பங்கு. மூன்று வரிகளில் மூன்றாவது நேரத்தை மிச்சப்படுத்தும், இரண்டாவதுதான் புதிரைத் திறக்கும் என்பது அதற்குப் பிறகு எனக்கு வந்த எண்ணம்.

தூக்கம்

இதை எழுதும்போது கொஞ்சம் கோபமே வருகிறது. தூங்காமல் இருப்பதைப் பெருமையாகப் பேசும் பழக்கம் இந்த மாதிரிப் போட்டிகள் எல்லாவற்றிலும் இருக்கிறது. முப்பது மணி நேரம் விழித்திருப்பவர் விடை கண்டுபிடிக்காமல் போனால்கூடப் பரவாயில்லை. ஷீட்டில் ஒரு எழுத்தைத் தவறாகத் தட்டிவிட்டுப் போவார், அடுத்து வருகிற மூன்று பேர் அதை நம்பி உழைப்பார்கள்.

வேட்டை எவ்வளவு நேரம் போகும் என்பதும் கணிக்க முடியாதது. 2013-இல் வெள்ளி மதியம் தொடங்கியது திங்கள் பிற்பகல் வரை இழுத்தது. 2017-இல் சனிக்கிழமை பொழுது விடிவதற்கு முன்பே ஓர் அணி நாணயத்தை எடுத்துவிட்டது. எழுதுகிற அணி ஒவ்வோர் ஆண்டும் மாறுவதால் கடினமும் மாறுகிறது. ஆகவே ‘இன்னும் கொஞ்ச நேரம்தான், முடிந்துவிடும்’ என்று விழித்திருப்பது எந்த ஆதாரமும் இல்லாத நம்பிக்கை. எங்கள் அணியில் வெள்ளி இரவே மூன்றில் ஒரு பங்கினரை வலுக்கட்டாயமாகத் தூங்க அனுப்பினார்கள். ஆட்டம் சூடுபிடித்திருக்கும்போது எழுந்து போவது கஷ்டம்தான். ஆனால் சனிக்கிழமை காலையில் தெளிவான தலையோடு வந்து உட்கார்ந்தவர்கள் அவர்கள்தான்.

கொரோனா காலத்தில், 2021-இலும் 2022-இலும், வேட்டை முழுக்க இணையத்தில் நடந்தது. வெளிநாட்டு ஆட்களை அணியில் சேர்ப்பதை அது சகஜமாக்கியது. 2023-இல் வளாகத்துக்குத் திரும்பிய பிறகும் பல அணிகள் தூரத்து ஆட்களை விடவில்லை. நேர வித்தியாசம் ஒரு தொல்லை என்று பார்க்காமல், இரவுக் காவலுக்கு ஆள் கிடைத்தது என்று பார்த்தால் அணிக்கு லாபம்.

ஆனால் எல்லோரும் தூரத்தில் இருந்தால் ஆகாது. வளாகத்தில் நடந்து பார்த்துத்தான் தீர்க்க முடியும் என்கிற புதிர்கள் வரும். கட்டடங்களுக்குப் பெயரைவிட எண்தான் பழக்கம் என்ற ஊர் அது. எந்தப் படிக்கட்டு எந்தத் தாழ்வாரத்தில் இறங்கும் என்று கால்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வோர் அணியிலிருந்தும் சிலரை அனுப்பச் சொல்லும் நிகழ்ச்சிகள் உண்டு, கையால் எதையாவது செய்துகொண்டு வரச் சொல்லும் வேலைகளும் உண்டு. நாணயத்தை நோக்கிய கடைசி ஓட்டம் நேரில்தான். இதற்கெல்லாம் புது ஆட்களை அனுப்பியது நல்ல ஏற்பாடு. ஷீட்டுக்கு முன்னால் தயங்கித் தயங்கி உட்கார்ந்திருந்த முதலாண்டு மாணவர்கள் வளாகத்தைச் சுற்றி வந்தபின் அணியோடு ஒட்டிக்கொண்டார்கள்.

ஞாயிறு, அதன் பிறகு

ஞாயிற்றுக்கிழமை முழுக்க மெட்டாக்களின் நாள். இங்கே எதிர்பார்க்காத ஒரு தொந்தரவு வந்தது. மெட்டா என்றால் மவுசு. அனுபவசாலிகள் எல்லோரும் அதில்தான் உட்கார விரும்பினார்கள். ஒரே மெட்டாவில் பதினைந்து பேர், கீழே சாதாரணப் புதிர்களில் ஆளே இல்லை. மெட்டாவுக்கு இன்னும் இரண்டு விடைகள் இருந்தால் தானாகவே உடைந்திருக்கும். அந்த இரண்டு விடைகளைக் கொடுக்க வேண்டியவர்கள் அனைவரும் மெட்டாவையே முறைத்துக்கொண்டிருந்தார்கள். கவனித்துச் சொன்னது நாற்காலியில் இருந்த அந்த இருவரில் ஒருவர். மெட்டாவில் ஐந்து பேருக்கு மேல் இருந்தால் கடைசியாக வந்தவர் எழுந்து போக வேண்டும் என்று அவர் கறாராகச் சொன்னபின் தேக்கம் விலகியது.

வேறோர் அணி நாணயத்தை எடுத்துவிட்டது. நாங்கள் அப்போது முடிக்கவில்லை. அதன் பிறகும் தளத்தைத் திறந்தே வைத்திருந்ததால் விருப்பமுள்ளவர்கள் தொடர்ந்து விடுவித்தார்கள். எழுதிய அணி கடைசியில் எல்லோரையும் கூட்டி, எந்தப் புதிர் எப்படி எதோடு கோத்தது என்று விளக்கியது. ஒரு வருட உழைப்பை மேடையில் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டியவர்களின் முகத்தை நேரலையில் பார்த்தபோது, எங்கள் அணி அக்டோபரில் எடுத்த முடிவைப் பற்றிச் சிலர் மறுபடி யோசிக்க ஆரம்பித்தார்கள்.

ஒரு வாரம் கழித்து அணி கூடிப் பேசியது. மூன்று வரி விதி வேட்டைக்கு முன்பே ஷீட்டின் மாதிரியில் அச்சாகி இருக்கும், புது ஷீட் திறந்தாலே அந்த மூன்று கட்டங்கள் காலியாகக் கண்ணில் படும். விடுவிக்காமல் பார்த்துக்கொள்கிற ஆட்கள் இருவர் நால்வராகிறார்கள், எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றிக்கொள்வார்கள். புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாள் ஒரு பழைய ஆள் துணை. நவம்பரில் பழைய வேட்டை ஒன்றின் சில புதிர்களை எடுத்து ஒரு சனிக்கிழமை பயிற்சி, அதிலும் பாதி விடுவித்ததும் எழுந்து அடுத்த கூட்டத்திடம் ஒப்படைக்க வேண்டும். ஜெயிக்க விரும்புகிறோமா என்ற கேள்வியை மட்டும் மறுபடி அக்டோபருக்கு ஒத்தி வைத்திருக்கிறார்கள்.